பத்தில் கத்த வேண்டிய ஹூட்டர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும், லேசில் போகாது. என் மாமியார் இதைப் பெரிய குறையாகச் சொல்வார். நான் அப்படி நினைத்ததில்லை. சீக்கிரம் கோபம் ஆறிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அவர்களிடம் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்துவிட்டுப் போகலாமே. ஒரே ஒரு மனிதர் மேல் இருந்த கோபத்துக்காக ஒரு தொழிலையே கற்றுக்கொண்டவள் நான். "வீட்டுச் செலவு இருக்குல்ல, அதான் வேலைக்குப் போறேன்" என்று தெருவில் சொல்லிவைத்தேன். செலவும் இருந்தது, பொய்யில்லை. ஆனால் செலவுக்கு மட்டும் என்றால், ராஜபாளையம் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த வேலையே எனக்குப் போதும்.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்தது மருத்துவப் பஞ்சு வெளுக்கிற ஓர் ஆலையில். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் காயத்துக்கு வைக்கிறார்களே, அந்த வெள்ளைப் பஞ்சு. அது அவ்வளவு வெள்ளையாவதற்குள் எவ்வளவு அழுக்குத் தண்ணீர் வெளியேறுகிறது என்பது காயத்துக்கு வைத்துக்கொள்கிறவர்களுக்குத் தெரியாது. அந்தத் தண்ணீர் போய்ச் சேருகிற தொட்டியை ஒட்டி, தரைக்குக் கீழே படி இறங்கிப் போகிற மாதிரி ஒரு பம்பு அறை. ஆலையில் எல்லோரும் அதைக் குழி என்றுதான் சொல்வார்கள். தொட்டியின் அடியில் சகதி தங்கி அழுகினால் அங்கே ஒரு வாயு கிளம்பும். முதலில் அழுகின முட்டை மாதிரி நாறும். அதிகமானால் அந்த நாற்றமும் தெரியாது, மூக்கு செத்துப்போகும். மூக்குக்கு அடுத்தது ஆள்தான்.

அதற்காகத்தான் அங்கே ஒரு மீட்டர் வைத்திருந்தார்கள். குழிக்குள் சுவரில் சென்சார், அதன் பக்கத்திலேயே எண் காட்டுகிற பெட்டி, வெளியே கூரைக்கு அடியில் ஹூட்டர். வாயு பத்தைத் தொட்டால் ஹூட்டர் கத்த வேண்டும். கத்தினால் உள்ளே ஒருத்தரும் இருக்கக் கூடாது, வெளியே இருக்கிறவர் இறங்கக் கூடாது. பம்பின் வடிகட்டியில் பஞ்சுக் கழிவு அடைத்துக்கொண்டது என்று என் வீட்டுக்காரர் இறங்கிய அன்று அது கத்தவில்லை. அவர் குனிந்து கழிவைக் கிளறக் கிளற, அடியிலிருந்து வாயு முகத்துக்கு நேரே பொங்கியிருக்கிறது. விழுந்து கிடந்தவரை மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கிய இரண்டு பேர் இழுத்து மேலே போட்டார்கள். அந்த இரண்டு பேரும் பிழைத்தது அல்லாவின் காவல்.

இவரும் பிழைத்தார். மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வீட்டுக்கு வந்தார். வந்தவர் பழைய ஆள் இல்லை. கை நடுங்கும், பேச்சு மெதுவாகிவிட்டது. அந்த ஒரு நாள் மட்டும் அவர் தலைக்குள் இல்லவே இல்லை. காலையில் என்ன சாப்பிட்டார், யாரோடு பேசினார், குழிக்குள் எப்படி இறங்கினார், எதுவும் தெரியாது.

அந்தக் காலி இடத்தில்தான் ஆலை மானேஜர் தன் கதையைக் கொண்டுவந்து வைத்தார்.

மானேஜர் முதலாளி வீட்டுக்குச் சம்பந்தி வழியில் சொந்தம். ஆலைக்கு வருவதற்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் தராசுக்குப் பின்னால் நின்றவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பர்தாவுக்குள் அழுதுகொண்டு நின்றேன். விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் அவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"மீட்டர்ல சைபர்தான் சார் காட்டுச்சு. கேஸ் இருந்தா ஹூட்டர் அடிச்சிருக்கும்ல? இவன் குடிச்சிட்டு எறங்கியிருக்கான், தலை சுத்தி விழுந்துட்டான். நானே பக்கத்துல போயி வாடை பிடிச்சேன்."

மூக்கு செத்துப்போகிற இடத்தில் இவர் சாராய வாடையைப் பிடித்தாராம். அங்கே சொன்னதோடு விட்டாரா? எங்கள் தெருமுனை டீக்கடையில் வண்டியை நிறுத்தி, கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் முஸ்லிம் குடும்பம். என் வீட்டுக்காரர் பீடிகூடத் தொட்டதில்லை. ஒரு வேளைத் தொழுகை தவறினால் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. அந்த மனிதர் குடித்துவிட்டு விழுந்தார் என்ற பேச்சு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் வாயில் எப்படியெல்லாம் புரண்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. எங்கள் வாசலைக் கடக்கும்போது ஸலாம் சொல்வது மட்டும் குறைந்துவிட்டது.

அதையும் பொறுத்துப் போயிருப்பேன். பொறுக்க முடியாதது வேறு. என் வீட்டுக்காரரே அதை நம்பிவிட்டார்.

"மச்சான், நீங்க குடிக்கல. காலையில எங் கையால இட்லி தின்னுட்டுத்தான் போனீங்க. அந்தப் பழக்கமே உங்களுக்குக் கெடையாது" என்று நான் சொல்லாத நாள் கிடையாது. கோபமாகச் சொன்னேன், அழுதுகொண்டு சொன்னேன், குர்ஆன் மேல் கைவைத்துச் சொல்லட்டுமா என்றுகூடக் கேட்டேன்.

"நீ எம் பொண்டாட்டி, அப்படித்தான் சொல்லுவ. அவரு மேனேஜரு. இல்லாததையா சொல்லப்போறாரு? எனக்குத்தான் ஒண்ணும் ஞாவகம் இல்லியே" என்பார்.

பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பாங்குச் சத்தம் கேட்டால் எழுந்திருப்பார். கதவு வரைக்கும் போவார். கதவைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் நின்றுவிட்டு, திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். "ஹராமைத் தொட்டுட்டு எந்த மொகத்தோட வரிசையில நிக்கிறது?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன். எந்த வாய் குடித்தான் என்று சொன்னதோ அந்த வாயே குடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அந்த மெஷின் ஏன் கத்தவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும்.

எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டுக் கல்யாணத்தோடு மூட்டை கட்டி வைத்தவள் நான். அந்த மூட்டையைப் பிரித்தேன். ஆலைகளுக்குப் போய் வாயு மீட்டர்களைச் சரிபார்த்துக் கொடுக்கிற ஒரு மதுரைக் கம்பெனியில் சேர்ந்தேன். எங்கள் பக்கத்து ஆலைகளையெல்லாம் எனக்கு ஒதுக்கினார்கள். ஸ்கூட்டரில் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவேன்.

கேலிபரேஷன் என்பார்கள். வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை. முதலில் சுத்தமான காற்று அடைத்த சிலிண்டரிலிருந்து குழாய் வழியாகச் சென்சாருக்குக் காற்றைக் காட்ட வேண்டும். அதுதான் சைபர் என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு அளவு தெரிந்த வாயு, இருபத்தைந்து என்று எழுதியிருந்தால் இருபத்தைந்து, அதைக் காட்டி எண் அசையாமல் நிற்கிறவரை பொறுத்திருக்க வேண்டும். இருபத்தைந்து காட்டாவிட்டால் காட்டும்படி திருத்த வேண்டும். அப்புறம் எந்த எண்ணில் கத்த வேண்டும் என்று வைக்க வேண்டும். என்னோடு பயிற்சிக்கு வந்தவர்கள் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று படித்தார்கள். நான் அது எப்படியெல்லாம் வேலை செய்யாமல் போகும் என்று படித்தேன். சென்சார் வயதாகிச் சாகும், ஈரம் ஏறும், பெயிண்ட் அடிக்கிறவன் அதன் மேலேயும் ஒரு கோட்டிங் கொடுத்துவிட்டுப் போவான். ஒவ்வொன்றையும் கற்றுக்கொள்ளும்போது இதுவாக இருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். மானேஜர் முகம் கூடவே வரும்.

எத்தனையோ ஆலைக்குப் போனேன். அந்த ஆலையிலிருந்து மட்டும் கூப்பிடவே இல்லை. கடைசியில் வெளிநாட்டில் பஞ்சு வாங்குகிறவர்கள் ஆலையைப் பார்க்க வருகிறார்கள் என்று ஆனதும் கூப்பிட்டார்கள். எங்கள் கம்பெனி முதலாளிக்கு விஷயம் தெரியும்.

"நீ போக வேணாம்மா. வேற ஆளை அனுப்புறேன்."

"நாந்தான் போவேன் சார்."

"அங்க போய் சண்டை கிண்டை போடக் கூடாது."

"கேலிபரேஷன் மட்டும்தான் சார் பண்ணுவேன்" என்றேன். கடைசிவரை அதை மட்டும்தான் செய்தேன். கேலிபரேஷனை ஒழுங்காகச் செய்தாலே சிலருக்குப் போதும்.

தலையில் சுற்றிய துணிக்கு மேலே ஹெல்மெட், முகத்தில் மாஸ்க், கம்பெனிக் கோட்டு. மானேஜர் என் பையைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் பார்த்தது ஒரு கறுப்புப் பர்தாவை. அதற்குள் ஆள் இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

"மேடமா வந்திருக்கீங்க? மெஷினு நல்லாத்தான் இருக்கு. டைம் வேஸ்ட் பண்ண வேணாம். ஒரு ஸ்டிக்கர ஒட்டிட்டுக் கெளம்புங்க" என்றார்.

"பாத்துட்டு ஒட்டுறேன் சார்" என்றேன்.

குழி ஷெட்டைக் கூட்டுகிற வேலை மம்சாபுரத்திலிருந்து வருகிற ஒரு அக்காவுக்கு. என் வீட்டுக்காரர் அங்கே வேலை பார்த்தபோது எங்கள் வீட்டுக்குப் பெருநாளைக்கு வந்து பிரியாணி சாப்பிட்டிருக்கிறார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த என் கண்ணைப் பார்த்ததுமே துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"ஏட்டி, நீயா?"

சும்மா இருங்க என்று சைகை காட்டினேன். அவர் குனிந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். நான் குழியிலிருந்து வாயுவை வெளியே தள்ளுகிற ஃபேனை ஓடவிட்டு, என் சொந்த மீட்டரைக் கழுத்தில் மாட்டி, மேலே இரண்டு ஆட்களை நிற்க வைத்துவிட்டுப் படி இறங்கினேன். என் வீட்டுக்காரர் விழுந்த இடம் எது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையில்லை. நேரே பெட்டியிடம் போனேன்.

பெட்டியைப் பார்த்ததும் கண்ணில் பட்டது, சைபராக்குகிற பட்டன். மற்ற பட்டன்களெல்லாம் புதுசு மாதிரி இருக்க, இது மட்டும் எழுத்து அழிந்து வழுவழுவென்று தேய்ந்திருந்தது. எங்கள் தொழிலில் எப்போதாவது, அதுவும் சுத்தமான காற்றைக் காட்டிக்கொண்டுதான் அதைத் தொடுவோம்.

"அக்கா, இந்தப் பட்டனை யாரு அமுக்குறது?" என்று மேலே பார்த்துக் கேட்டேன்.

"நாந்தான். தெனமும் காலையில ஷெட்டத் தொறந்ததும் எறங்கிப் போயி ஜீரோ அடிக்கணும்னு மேனேஜரு சொல்லிருக்காரு. தராசுல அடிக்கிற மாதிரி. ஆறு, ஏழுன்னு எதாச்சும் நம்பரு காட்டிட்டு நிக்கும். அடிச்சா சைபராயிரும்."

எனக்குப் புரிந்துவிட்டது. பால்கோவாக் கடையில் என்ன செய்வார்கள்? காலி டப்பாவைத் தராசில் வைத்து ஜீரோ அடிப்பார்கள், அப்புறம்தான் பால்கோவாவை அள்ளிப் போடுவார்கள். டப்பாவின் எடையைக் கழிப்பதற்காக. வருஷக்கணக்காக அதைச் செய்த கை, ஆலைக்கு வந்தும் அதையே செய்யச் சொல்லியிருக்கிறது. குழிக்குள் வாயு ஏற்கெனவே நிற்கிறபோது ஜீரோ அடித்தால், அந்த வாயுவைத்தான் சைபர் என்று மெஷின் நம்பும். டப்பாவைக் கழிக்கிற மாதிரி விஷத்தைக் கழித்திருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. நான் ஒரு பாவியைத் தேடிக்கொண்டு வந்தேன், ஒரு மடையன்தான் அகப்பட்டான். மடையனைப் பழிவாங்கி என்ன சுகம்? திருத்துவதற்கு முன்னால், இருக்கிறது இருக்கிறபடி எவ்வளவு காட்டுகிறது என்று பார்ப்பது முறை. இருபத்தைந்து வாயுவைக் காட்டினேன். பதினொன்று என்றது. நாள் நாளாகக் கழித்தது சேர்ந்து பதினாலு காணாமல் போயிருந்தது.

பிறகு அலாரம் எண்களைத் திறந்தேன். முதல் அலாரம் ஐம்பதில் இருந்தது. பத்தில் இருக்க வேண்டியது.

"இதை யாருக்கா மாத்துனது?"

"அடிக்கடி கத்துதுன்னு அவருதான் ஆளக் கூட்டியாந்து மாத்துனாரு. கத்துனா எல்லாரும் வெளிய போயி நின்னுருவோம்ல, வேலை கெட்டுப்போகுதுன்னாரு. உம் மாப்பிள்ளை விழுறதுக்கு முன்னாலயே மாத்தியாச்சு."

தராசு தெரிந்தவனுக்கு வாயு தெரியாமல் போகலாம். ஆனால் ஹூட்டர் கத்தினால் ஆட்கள் வெளியே வந்து நிற்கிறார்கள் என்று தெரிந்து, அது கத்தக் கூடாது என்று எண்ணை ஏற்றுகிறவனுக்கு எல்லாமே தெரியும். வாயு இருந்ததும் தெரியும், வாடை பிடித்தேன் என்றது புளுகு என்றும் தெரியும். என் ஏமாற்றம் போன இடம் தெரியவில்லை. குழிக்குள் நின்றுகொண்டே எனக்குச் சிரிப்பு வந்தது.

படியின் மேலே அக்கா சிரிக்கவில்லை. நான் பட்டனைக் கேட்டதிலிருந்தே அவர் முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. "ஏட்டி, அன்னைக்குக் காலையிலயும் நாந்தான ஜீரோ அடிச்சேன். அப்பம் எங் கையாலயா?" என்றார்.

"உங்க கை இல்லக்கா. அடிக்கச் சொன்ன வாய்."

அவர் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் என் வேலையைச் செய்தேன். அவ்வளவு நிதானமாக அதற்கு முன்னால் எந்த ஆலையிலும் செய்ததில்லை. சுத்தமான காற்றைக் காட்டி உண்மையான சைபரைச் சொல்லிக்கொடுத்தேன். இருபத்தைந்தைக் காட்டி, இருபத்தைந்து என்று சொல்ல வைத்தேன். முதல் அலாரம் பத்து, அடுத்தது பதினைந்து. ஒரு தடவை கத்த ஆரம்பித்தால், ஆள் பார்த்துப் பெட்டியில் அதை நிறுத்துகிற பட்டனை அமுக்கினால் ஒழிய நிற்காதபடியும் வைத்தேன். இதுவும் முறைப்படி வைக்க வேண்டியதுதான். பெட்டியைக் குழிக்கு வெளியே மாட்டியிருந்தால் அந்தப் பட்டனும் வெளியே இருந்திருக்கும். அதைக் குழிக்குள்ளேயே மாட்டியது நானில்லை. மாற்றச் சொல்லி எழுதியும் கொடுத்தேன்.

மேலே வந்தபோது மானேஜர் ஷெட்டு வாசலில் நின்றிருந்தார்.

"முடிஞ்சுதா? ஏலே, அந்த ஃபேன அமத்துங்கலே, கரண்டு சும்மா ஓடுது."

"சார், அலாரத்தைப் பத்துல வச்சிருக்கேன்."

"பத்தா? பழைய மாதிரி அம்பதுல வைங்க மேடம். பத்துல வச்சா ஆலை ஓட்ட முடியாது."

"பத்துதான் சார்."

ஃபேனை அணைத்துவிட்டார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பையைக் கட்டுவதில் நேரம் கடத்தினேன். குழாயைச் சுருட்டினேன், பிரித்தேன், மறுபடி சுருட்டினேன். மானேஜர் வெளிநாட்டுக்காரர்கள் வருவதைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் சொல்வதைக் கேட்கவில்லை, கூரைக்கு அடியில்தான் காது வைத்திருந்தேன்.

கத்தியது. என்ன சத்தம்! கூரைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. பஞ்சு உலர்த்துகிற பக்கமிருந்தும் கட்டுப் போடுகிற பக்கமிருந்தும் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். என் வீட்டுக்காரர் இறங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய சத்தம் அது.

"நிப்பாட்டும்மா அத!" மானேஜர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"கீழ போயி பட்டன அமுக்குனா நின்னுரும் சார்."

"ஏலே, எறங்கிப் போயி அமுக்குலே!" என்று பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்தார். அந்த ஆள் கால் எடுத்து வைப்பதற்குள் நான் கையை நீட்டி மறித்தேன்.

"கத்துறப்போ தொழிலாளி யாரும் எறங்கக் கூடாது. நீங்க போங்க சார்."

"நானா?"

"நீங்கதான். கேஸே இல்ல, மெஷினு சும்மா கத்துதுன்னு வச்சுக்கிடுங்க. எறங்கி அமுக்கிட்டு வாங்க."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்கு வேறு வழியில்லை. படி வரைக்கும் போனார். ஒரு காலை முதல் படியில் வைத்தார். கீழேயிருந்து நாற்றம் வந்திருக்க வேண்டும், மூக்கைப் பொத்திக்கொண்டு காலைத் தூக்கிக்கொண்டார். மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். அவர் நிஜமாகவே இறங்கியிருந்தால் நான் தடுத்திருப்பேன். கொஞ்சம் தாமதமாக.

நான் மாஸ்க்கைக் கீழே இறக்கினேன்.

"ஏன் சார் நிக்கிறீங்க? நீங்கதான் குடிக்கலையே."

ஹூட்டர் கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அது எல்லார் காதிலும் விழுந்தது. மானேஜர் திரும்பி முதல்தடவையாக என் முகத்தைப் பார்த்தார். யார் என்று தெரிந்துகொண்டதும் அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் கண்ணாரப் பார்த்தேன். இத்தனை வருஷம் அதற்குத்தானே காத்திருந்தேன்.

மம்சாபுரத்து அக்கா எழுந்து முன்னால் வந்தார். "குடிச்சான்னு சொன்னீயளே, அது பொய்தான? அன்னைக்குக் கேஸு இருந்துச்சு. நாந்தான் அத ஜீரோ அடிச்சு அழிச்சேன், நீங்க சொல்லித்தான் அழிச்சேன். அவிய வீட்டுல போயி நீங்க ஒத்துக்கிடணும். அதுக்குப் பொறவுதான் குழியில ஆளு எறங்கும்." பின்னாலிருந்து இன்னும் நாலைந்து குரல்கள் ஆமா ஆமா என்றன. வெளிநாட்டுக்காரர்கள் வருவதற்குள் வடிகட்டியைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஃபேனைப் போடச் சொன்னேன். வாயு வெளியேறும் வரைக்கும் பொறுத்திருந்து, என் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இறங்கி, நானே பட்டனை அமுக்கினேன். பதினொன்று காட்டியது, ஐம்பதில் இருந்தது எல்லாவற்றையும் எப்போதும் போல அறிக்கையில் எழுதி அனுப்பினேன். அது பழிவாங்கல் இல்லை, எந்த ஆலையானாலும் எழுதுவதுதான்.

பழிவாங்கல் ஸ்கூட்டர் பக்கத்தில் நடந்தது. மானேஜர் பின்னாலேயே வந்தார்.

"ஏம்மா, அன்னைக்கு ஏதோ பதட்டத்துல வாய் தவறிச் சொல்லிட்டேன்..."

"டீக்கடையிலயும் வாய் தவறிச்சா? எங்க தெருவுக்கு வந்து, எங்க வாசல்ல நின்னு, எல்லாரும் கேக்க சொல்லணும்."

"உள்ள உக்காந்து பேசிக்கிடலாமே."

"உள்ள உக்காந்தா சார் சொன்னீங்க?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார். கையில் பால்கோவா டப்பா வேறு. நான் வாங்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டேதான் கடைசிவரை நின்றார். அசர் தொழுதுவிட்டு வந்து பேசிக்கொண்டிருந்த ஆண்கள், டீக்கடைக்காரர், எதிர்வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். நானே இரண்டு வீட்டுக் கதவைத் தட்டிக் கூப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அன்னைக்கு அவரு குடிக்கல. கேஸுதான். நான் சொன்னது தப்பு" என்றார், தரையைப் பார்த்து.

"கேக்கல சார். சத்தமா."

சத்தமாகச் சொன்னார்.

"வாடை பிடிச்சேன்னு சொன்னீங்களே, அது?"

"அது... பொய்."

மூன்றாம் தடவையும் சொல்லச் சொல்லியிருப்பேன். அவர் காதோரம் வேர்வை ஓடுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் திகட்டவில்லை. அதற்குள் என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"அப்பம் நான் குடிக்கலியா சார்?"

"இல்லப்பா. நீ குடிக்கல."

"நெசமாவா சார்?"

"நெசமாத்தான்."

என் வீட்டுக்காரர் நடுங்குகிற இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும் சார். எம் பாரத்த எறக்கி வச்சிட்டீங்க" என்று அழுதார். மானேஜர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். தட்டிக் கொடுத்தார்! நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். இவர் உள்ளே போய்க் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டுத் தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆண்களோடு சேர்ந்து பள்ளிவாசலுக்கு நடந்தார். ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மானேஜர் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது அவர் முகம் தெளிந்திருந்தது.

நான் விரும்பியது எல்லாம் நடந்துவிட்டது. அவர் தொழப் போய்விட்டார், எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் வயிறு எரிந்தது.

தொழுதுவிட்டு வந்தவர் முகத்தில், கல்யாணமான புதுசில் பார்த்த களை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார்.

"மேனேஜரு தங்கமான மனுசன்ட்டி. இல்லேன்னா இம்புட்டுத் தூரம் வந்து யாரு சொல்லுவா?"

"நான் சொன்னேனே மச்சான். இத்தன வருசமா தெனமும் சொன்னேனே."

"நீ சொன்னது வேறட்டி" என்றார், ரொம்பவும் அன்பாக. பிறகு டீ இருந்தால் கொடு என்றார்.

போட்டுக் கொடுத்தேன். சீனி போடவில்லை.